சம்மனசு பங்கு

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்தைப் படிப்பது கஷ்டம், பெரிய ற எங்கே வரும் சின்ன ர எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

பேய், ஆவி, செத்தவர்கள் வருவது இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. என் மனைவி சகாயமேரி போய் ஏழு வருஷம் ஆகிறது, ஒரு கனவில்கூட வந்ததில்லை. கல்லறைத் திருநாளுக்குப் போவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், வந்துவிடுவேன், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால்தான் பின்னால் சொல்லப்போவதை நீங்கள் கொஞ்சமாவது நம்புவீர்கள்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஊதுபத்தி கம்பெனியில் வேலை. டின்னில் வரும் வாசனைச் சரக்கை மோந்து பார்த்து இது சரி, இது கலப்படம் என்று சொல்வேன். படிப்பு இல்லாதவனுக்கு ஆண்டவர் மூக்கைக் கொடுத்தார். கோயிலில் பழக்கமான ஜார்ஜ் சாருக்கு இது தெரியும். அவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாங்காட்டில் தனியாக இருக்கிறார். வெளிநாட்டு விஸ்கி, கோன்யாக் என்கிற பிராந்தி இதையெல்லாம் ருசி பார்த்து, எப்படி இருக்கிறது என்று இன்டர்நெட்டில் இங்கிலீஷில் எழுதுவார். கடையில் கிடைக்கும் பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை. அங்கே சில வியாபாரிகள் சாராய ஆலைக்குப் போய் ஒரே ஒரு மரப்பீப்பாயை மட்டும் வாங்கி, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து, பீப்பாய் நம்பரை எழுதி விற்பார்களாம். அந்தப் பீப்பாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதே ருசி மறுபடி வராது. அதைத் தேடுகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் சாருக்குச் சின்னச் சின்னப் பாட்டிலில் அனுப்பி வைப்பார்கள்.

கொரோனா வந்து போனதில் சாருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. வெளியே சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, சேக்காட்டிலிருந்து பஸ் மாறி மூன்று மணிக்கு அவர் வீட்டில் இருப்பேன். நான் குடிக்கிறவன் இல்லை. மோந்து பார்ப்பேன், நாக்கில் வைத்துத் துப்பிவிடுவேன். "என்னப்பா வருது அந்தோணி?" என்று அவர் கேட்பார். புது ரெக்சின் பை, நனைந்த சிமெண்ட் மூட்டை, தூபம் அணைந்த பிறகு சாமியார் அங்கி, இப்படிச் சொல்வேன். அவர் டைப் அடிப்பார். வாரத்தில் ஆறு நாள் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் என் பேச்சு இங்கிலீஷாகி எங்கெங்கோ போனது.

ஒருநாள் சார் சொன்னார், பீப்பாயில் இருக்கும்போதே வருஷா வருஷம் கொஞ்சம் காற்றில் போய்விடும், அதற்கு அந்த ஊரில் ஏஞ்சல் பங்கு என்று பெயர் என்று. ஏஞ்சல் என்றால் எங்கள் கோயிலில் சம்மனசு. சம்மனசுக்குப் பங்கு உண்டு என்றால் நாமும் வைக்க வேண்டும் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மூடாமல், ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "சரி, வெச்சது வெச்சபடி இருக்கட்டும், அவங்களுக்கும் யாரு ஊத்துறாங்க" என்றார். அதிலிருந்து வாராவாரம் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவேன். ஒரு வாரம் திறந்து கிடந்தால் அதில் ஒன்றும் இருக்காது, பாதி வற்றி, பூச்சாடித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

இனிமேல் என் புத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் டேவிட் என்று ஒருவன், முத்தாபுதுப்பேட்டைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். அவனிடம் பெருமை அடித்துக்கொள்ள ஒருநாள் சார் வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். சார் விளையாட்டாக அவனிடம் ஒரு கிளாஸை நீட்டினார். அவன் மோந்து பார்த்துவிட்டு, "சார், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பின்னால அழுவுன ஆப்பிள கொட்டி, அது மேல மய பேஞ்சா ஒரு வாசன வரும் பாரு, அதாம் இது" என்றான். சார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அதே கிளாஸுக்கு நான் சொன்னது ஆப்பிள், அவ்வளவுதான்.

"அந்தோணி, இவன் உன்னை முழுங்கிடுவான்பா" என்றார் சார்.

"அண்ணாத்தேக்கு மூக்கு கீது, வாய்தான் சர்வீஸ்ல கீது" என்றான் டேவிட்.

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மேஜைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி இருந்தது. நான் சொல்லும்போது சார் ஒரு விரலில் டைப் அடிப்பார், அவன் சொல்லும்போது பத்து விரலும் ஓடும். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அதை எண்ணிக்கொண்டே வருவேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை.

ஒரு மாதம் போனது. தன் மூக்கு போன விஷயத்தை நண்பர்களிடம் சொல்லிவிடப்போகிறேன் என்றார் சார். கம்ப்யூட்டரில் எல்லோரும் முகம் பார்த்துப் பேசுவார்களாம், அதில் தன் மூக்காக இருக்கிற ஆளை உட்கார வைப்பாராம். "டேவிட்டை உட்கார வைக்கலாம்னு பார்க்கிறேன். உனக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். மூன்று வருஷமாக நான் உட்கார்ந்த இடம். எழுந்து கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.

அதற்கு ஒத்திகையாக அடுத்த ஞாயிறு நாலு கிளாஸ். எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் நம்பர் போட்டுத் தட்டில் வைக்க வேண்டும். ஊற்றுகிற வேலை என்னுடையது. சமையலறையில் நின்று, மூன்றாவது கிளாஸுக்குப் பதிலாக ஜன்னல் கட்டையில் ஒரு வாரமாகக் கிடந்த சம்மனசு பங்கை எடுத்து மூடி போட்டு வைத்தேன். அது ஏதோ பழைய கோன்யாக், மூன்றாவதாக ஊற்ற வேண்டியதும் ஒரு கோன்யாக்தான், நிறம் ஒத்துப்போனது. அவன் அதற்கும் பூந்தமல்லி, மழை என்று கதை விடுவான், அப்போது சாரிடம் உண்மையைச் சொல்லலாம் என்பது என் கணக்கு. நல்ல வெயில், நாலு மணிகூட ஆகவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டையும் டேவிட் சிரித்துப் பேசியே முடித்தான். மூன்றாவதை மூடி திறந்து மோந்தவனுக்குச் சிரிப்பு நின்றது. கிளாஸைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

"சார், இது வேற மாரி கீது."

"சொல்லு."

"மிஷின் எண்ண சார். தையல் மிஷின்ல ஒரு சொட்டு வுடுவாங்களே, அது. கஞ்சி போட்ட புதுத் துணி. லவங்கம் வருது, ஆனா கொயம்புல போடற மாரி இல்ல, கடவாப் பல்லுல அடக்கினு இருந்தா வர்ற மாரி. அப்பறம் பவுடரு. கொயந்த பவுடரு. ஆனா கொயந்த இல்ல சார், பெரியவங்க, கயுத்துல போட்டுகினு வேர்த்தா மாரி."

சகாயமேரி சேக்காட்டில் வீட்டில் வைத்தே பிளவுஸ் தைத்தவள். எங்களுக்குக் குழந்தை இல்லை. கடைசி வரைக்கும் குழந்தை பவுடர்தான் போட்டாள், ஏன் என்று நான் கேட்டதில்லை. பல் வலிக்கு லவங்கத்தை அடக்கிக்கொண்டு, டாக்டரிடம் போகாமல் என்னை ஏமாற்றியது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். டேவிட் என் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. வயிறு எரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை மூக்குக்குக் கீழே மெதுவாகச் சுற்றினான். "ரொம்பக் கிட்ட வந்தா மாரி கீது அண்ணாத்தே" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு. கிளாஸை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். நான் மோந்து பார்த்தேன். பூச்சாடித் தண்ணீர். மறுபடி மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றுமே இல்லை. டின்னுக்குள் ஒரு சொட்டுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற மூக்கு இது. பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவன் நான்.

"குடு அண்ணாத்தே, இன்னும் முடியல. அடியில ஒண்ணு கீது, தெரிஞ்சதுதான், பேருதான் வர மாட்டுது" என்று கை நீட்டினான்.

நான் எழுந்து போய்த் தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சார் பத்து விரலாலும் அடித்து முடித்திருந்தார்.

அந்த எழுத்து இப்போதும் இன்டர்நெட்டில், மூன்றாவது கிளாஸில் நான் ஊற்றாமல் விட்ட கோன்யாக் பெயருக்குக் கீழே இருக்கிறது. அதே பீப்பாய்ச் சரக்கை வைத்திருக்கிற இரண்டு பேர், எங்கள் பாட்டிலில் தையல் மிஷின் எண்ணெய் வரவில்லையே என்று எழுதிக் கேட்டார்களாம். சார் சிரித்தார். நான் செய்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. டேவிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று சாரிடம் பொய் சொன்னேன், சார் இனிமேல் வரவேண்டாம் என்றார் என்று டேவிட்டிடம் பொய் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் நான்தான் உட்கார்ந்தேன். வேர்த்துப்போய் நாலு வார்த்தை பேசினேன், எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலி என்னுடையது.

அவனை இன்னொரு தடவை கூட்டிவந்து மோந்து பார்க்க வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு என்னவெல்லாம் வருகிறது என்று கேட்கலாம்தான். ஆனால் அப்போது அவன் மறுபடி கண்ணை மூடுவான். அதை என்னால் பார்க்க முடியாது.

போன மாதம் கம்பெனியில் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். டேவிட் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாத்தே, அன்னிக்கு அடியில ஒண்ணு கீதுன்னு சொன்னேனே. அது இன்னான்னு தெரிஞ்சிட்ச்சு."

"வேணாம் டேவிட்டு. சொல்லாத."

அவனும் குழாயில் கை கழுவினான். "சரி அண்ணாத்தே, சொல்லல" என்றான். தண்ணீரை உதறிவிட்டு இரண்டு அடி போனவன் திரும்பி, மெதுவாகச் சொன்னான்.

"ஆனா அது வாசன இல்ல."

அவன் தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறான். அது சகாயமேரி சொன்ன ஏதாவது வார்த்தையா, சொன்னது எனக்கா அவனுக்கா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

சேக்காடு, பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.