மூவரும் ஒளித்த மாத்திரை

அவினோ என் சக்களத்தி. எங்கள் புருஷன் ஒகும்பாவுக்கு நான் மூத்த தாரம், அவள் இளையவள். ஒரே வேலிக்குள் எனக்கொரு வீடு, அவளுக்கொரு வீடு. ஏரிக்கரையில் ஓமெனா மீன் காயப்போட்டால்கூடத் தள்ளித் தள்ளித்தான் விரிப்போம். அவள் சரியான வாய்க்காரி.

"அக்கா, உன் மீனை ஈகூட மதிக்கல பாரு" என்பாள்.

நான் சும்மா இருப்பேனா? "உன் மீனை மதிக்கிறது ஈ மட்டும்தாண்டி."

இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தது. இரண்டாவதில் ரத்தம் நிற்கவே இல்லை, பிழைத்ததே பெரும்பாடு. "இன்னொண்ணு வயித்துல தங்கிச்சுன்னா உன் உயிருக்கு யாரும் பொறுப்பில்ல" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் கையில் குச்சி வைத்துக்கொள்ளப் போனாள். பிள்ளை தரிக்காமல் இருக்கத் தோலுக்கடியில் வைப்பார்களே, அது. எங்கள் மகராசன் படகோடு தீவுப்பக்கம் போயிருந்தார், துணைக்கு நான்தான் போனேன்.

அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் தாய்மார் விஷயம் முன்பக்கம். எச்.ஐ.வி. மாத்திரை பின்பக்கம், தனி வாசல். அந்த வாசலில் ஒருத்தி நுழைந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் மெல்ல ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர் பின்வாசலுக்குப் போவார்கள், அந்த ஊர்க்காரிகள் இங்கே வருவார்கள். கூத்துதான். நான் வடக்கே போய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆமாம், எனக்கும் உண்டு. கடைசிப் பிள்ளையைச் சுமந்தபோது சோதனையில் தெரிந்தது. இளையவளுக்குத் தெரிந்தால், "நீதான் வீட்டுக்குள்ள கொண்டாந்தே" என்று என் தலையில் கட்டிவிடுவாள் என்று மூச்சே விடவில்லை.

குச்சி வைத்த அறையில் ஒரு திரைதான் மறைப்பு. திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நான். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்று சிஸ்டர் கேட்டது எனக்கே தெளிவாகக் கேட்டது.

"இல்ல சிஸ்டர்" என்றாள் அவினோ.

அப்புறம் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஒரே அறையாக்கினார்கள். ஒரே சிஸ்டர், ஜெருஷா என்று பேர், எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். யார் எதற்கு வந்தாள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நல்லதாய்ப் போயிற்று, இனி பஸ் ஏறி அலைய வேண்டாம் என்று நானும் இங்கேயே மாற்றிக்கொண்டேன். முதல் நாள் நான் உள்ளே நுழைகிறேன், அவினோ வெளியே வருகிறாள். அவள் கையில் டப்பா. என் கையிலும் அதே டப்பா, காலி. குச்சியையும் மீறி அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது.

அவள் என் டப்பாவைப் பார்த்தாள், நான் அவள் டப்பாவைப் பார்த்தேன். அவள்தான் முதலில் சொன்னாள்: "ஒரே ஆளைப் பங்கு போட்டுக்கிட்டோம். ஒரே மருந்தாத்தான் இருக்கும்னு உனக்கும் தோணல, எனக்கும் தோணல பாரு, அக்கா."

ஜெருஷா சிஸ்டர் எங்களை உட்காரவைத்தார். அவினோ சாப்பிடும் மாத்திரை அந்தக் குச்சியின் வேலையைக் குறைத்துவிடுமாம். முன்பே தெரிந்திருந்தால் வேறு வழி செய்திருக்கலாமாம். குச்சிதான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தவள், நாள் தள்ளிப்போனதையே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எதுவும் செய்ய முடியாத அளவுக்கு மாதம் ஏறிவிட்டது.

"அன்னைக்கு மாத்திரை சாப்பிடுறேன்னு ஏம்மா சொல்லல?" என்றார் சிஸ்டர்.

அவினோ என்னைக் கைகாட்டினாள். "இவ பெஞ்சுல உக்காந்திருந்தா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள் மேலா, அந்தத் திரை மேலா, என்னைப் பார்த்து ஒருத்தி உயிரை விலையாகக் கொடுக்கும் அளவுக்குப் பயந்தாளே, அதன் மேலா, தெரியவில்லை. வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவளும் விடாமல் பதிலுக்குத் திட்டினாள். அன்றிலிருந்து எங்கள் மீனை ஒரே வலையில் காயப்போட்டோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்தார்கள். பெண் குழந்தை. டாக்டர் பயந்தது போலவே ரத்தம் நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, "ஓமெனாவைத் திருப்பிப் போட்டியா?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்து, நான் படகில் வலையை உதறியபோது அதற்கடியில் இன்னொரு டப்பா இருந்தது. ஒகும்பாவுடையது. ஒகும்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பேர், ஒரே மாத்திரை, ஒருவருக்கொருவர் ஒளித்துத் தின்றிருக்கிறோம்.

சில வாரம் கழித்துக் குழந்தைக்குச் சோதனை. ஜெருஷா சிஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம், "அடோங்கோ, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நோய் ஒட்டல" என்றார். இதற்காகத்தானே மூச்சு முட்டக் காத்திருந்தேன். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அவள் வாசலில் போய் நின்று, "ஏடி அவினோ, கேட்டியா" என்றேன்.

கதவு பூட்டியிருந்தது.