ருசி பார்க்காமல் போட்ட உப்பு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில் அப்போது பெண்களில் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆன சமயம். குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். படிப்பவள் குடத்தை மற்றவர்கள் முதலில் நிரப்பிவிடுவார்கள். அது எங்கள் சந்து வழக்கம்.

ஒரு மாமியார் மருமகள் கதை வந்தது. மருமகள் எது சமைத்தாலும் அந்த மாமியார் ருசி பார்க்காமலே உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வாள். "உங்க அம்மா வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?" என்பாள். அதைப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன்க்கா, மருமக பேசறப்ப திக்கித் திக்கிப் படிக்கிற. மாமியார் பேச்சு மட்டும் மளமளன்னு வருதே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"புஸ்தகத்தப் பாக்காமலே சொல்றா பாருடி," என்றாள் இன்னொருத்தி.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளும் விடவில்லை. "இது நிம்ம மனெ, உங்க வூட்டுக் கதைதானே அக்கா?"

"தண்ணியப் புடிங்கடி," என்றேன். நானும் சிரித்தேன். குடத்தோடு வீட்டுக்கு நடக்கையில் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் மருமகள் இல்லை. பொங்கலுக்கு நீலசந்திராவில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள், மாசி பிறந்தும் வரவில்லை. கூப்பிடப் போன மகன் தனியாகத் திரும்பினான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பான். வராமலே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

அன்று மத்தியானம் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தேன். கை தானாக உப்பு ஜாடிக்குப் போனது. குழம்பு நான் வைத்தது. உப்பும் நான் போட்டது. இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லை. கையைப் பார்த்தேன். ஜாடியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவுக்குப் போனேன். பத்திரிகையையும் எடுத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாள் "வாங்க" என்றாள். அவ்வளவுதான். மருமகள் சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். தட்டுக்குப் பக்கத்தில் உப்புக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. பிசைந்து சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

மருமகள் கரண்டியோடு நின்றாள். "என்னா அத்தே, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். குழம்பும் நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. எப்பிடியும் நீங்க போட்டுக்குவீங்கன்னுதான் நான் போடவே இல்ல!"

"அடிப்பாவி!" என்று சம்பந்தியம்மாள் தலையில் கை வைத்தாள். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள்.

பத்திரிகையை எடுத்து அந்த உப்புப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

"உங்களப் பாத்துதான் எழுதினாங்களா அத்தே?"

"குழாயடியிலயும் அதையேதான் கேட்டாளுங்க."

"அப்புறம் அந்த மருமக என்னா ஆனா?"

"யாருக்குத் தெரியும். நீ வர்றியா, அதச் சொல்லு."

அவள் உப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "உப்பு ஜாடி என் கையிலதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினோம். துணிப்பை அவள் மடியில் இருந்தது.

அடுத்த தடவை குழாயடியில் படித்தபோது, மருமகள் குடத்தோடு என் எதிரே நின்றாள். மாமியார் பேச்சு வந்த இடத்தில் எனக்கு நாக்கு திக்கியது.

"முன்ன மாதிரி இல்லக்கா," என்று குறைப்பட்டாள் எதிர்வீட்டுக்காரி. "அந்த மாமியாரக் கெடுத்துட்ட நீ."