சீர் தலையணைமேல் வந்த நாய்

பசங்களா, நீங்கள் காரில் நாயை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறீர்கள். அது ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. போன வாரம் அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் அம்மா கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது அவளோடு ஒரு செவலை நாயும் காரில் வந்தது. அந்தக் கதை இது.

எழுபதுகளின் கடைசி. கீழ்பென்னாத்தூரில் பெண் வீட்டில் காலையில் கல்யாணம். பந்தி முடிந்து திருவண்ணாமலைக்குக் கிளம்ப வாடகை அம்பாசிடர் வந்து நின்றது. அதுவரை உங்கள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தம்பிதான் தூது.

"மாமா, அக்கா சொல்லச் சொல்லுச்சு. வழியில நாய்க்கு எதுனா ஆச்சுன்னா அதே கார்ல திரும்பிடுமாம்."

"யாரு, நாயா?"

"அக்கா!"

நான் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

பின் சீட்டில் இடது ஓரம் அவள், வலது ஓரம் நான், நடுவில் நாய். அது அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கார் ஏறுகிறது. கயிற்றை அதன் கழுத்தில் சுருக்குப் போட்டு, முனையைக் கதவுப் பிடியில் கட்டப் போனேன்.

"கழுத்துல கட்டாதீங்க!"

உங்கள் அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

முன் சீட்டிலிருந்து தம்பி திரும்பினான். "வுடுக்கா! கழுத்துல கட்டுறத மாமா இன்னிக்குத்தானே கத்துக்கிச்சு. ஆசையா இருக்காது?"

டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. என் தோளில் கிடந்த பட்டுத் துண்டை உருவினாள். நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே கொடுத்து, நெஞ்சைச் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டாள். கழுத்துச் சுருக்கை அவிழ்த்து, கயிற்றை அந்த முடிச்சில் கட்டி, மறுமுனையை முன் சீட்டின் அடிக் கம்பியில் கட்டினாள். நாய் படுக்கலாம், எழுந்து உட்காரலாம், காரை விட்டு இறங்க முடியாது. கயிற்றுக்கு அவ்வளவுதான் நீளம். பிரேக் போட்டால் அது உருண்டு விழுமே என்று, சீராகக் கொடுத்த புதுத் தலையணைகளைக் கால் வைக்கும் பள்ளத்தில் திணித்தாள். கால் வைக்க இடமில்லாமல் மாப்பிள்ளை நான் சம்மணம் போட்டு வந்தேன்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கிளம்புமுன் தம்பி அந்த நாய்க்கு விருந்து வைத்திருந்தான்.

பாதி வழியில் நாய் எச்சில் ஒழுகவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் என் பட்டு வேட்டியில் கேசரி வந்து விழுந்தது.

"ஐயோ, சீட்டு! புது சீட்டுங்க!" டிரைவர் காரை ஓரம் கட்டினார். ஓடி வந்து என் பக்கக் கதவை, அதாவது ரோட்டுப் பக்கக் கதவை, அகலமாகத் திறந்தார். "எறங்குங்க, எறங்குங்க!"

நான் சம்மணத்தைப் பிரிப்பதற்குள் நாய் என் மடியைத் தாண்டிப் பாய்ந்தது. அதே நேரம் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு உரசினாற்போலப் போனது. டிரைவர் காரோடு ஒட்டிக்கொண்டார். கயிறு விறைத்தது. பட்டுத் துண்டு நெஞ்சோடு பிடித்து நிறுத்தியதில் நாயின் முன்னங்கால்கள் வெளியே அந்தரத்தில் ஆடின. பஸ் காற்றில் அதன் காது இரண்டும் மேலே போய் நின்றன. அதன் வால் என் வாயில் இருந்தது. இரண்டு கையாலும் அணைத்து உள்ளே இழுத்தேன். கதவு சாத்தப்பட்டது. என் சுருக்கு அதன் கழுத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் அம்மா தம்பி பக்கம் திரும்பினாள்.

"என்னாடா குடுத்த இதுக்கு?"

"கொஞ்சூண்டு கேசரிக்கா."

"எவ்ளோ?"

"நாலு எலை. வடை கம்மிதான்."

"வண்டில போற நாய்க்கு வயிறு முட்ட யார்னா போடுவாங்களா? பின்னாடி வந்து குந்து." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க முன்னால போங்க. இந்தப் பக்கமா எறங்குங்க, ரோட்டுப் பக்கம் வேணாம். நான் கயித்தப் புடிச்சப்புறம் கதவைத் தொறங்க" என்றாள்.

சொன்னபடி செய்தேன். மிச்ச வழியெல்லாம் கேசரிமேல் உட்கார்ந்து வந்தவன் உங்கள் மாமன்.

வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். "வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்றார்கள். கயிற்றைக் கையில் பிடித்தபடியே அவள் உள்ளே வந்தாள், பின்னாலேயே நாயும் வந்தது. அது எந்தக் காலை முதலில் வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். நாலும் இருந்தன.