சேவியர் வண்டியின் இரண்டு பிளாக்குகள்

1. பறக்கணும்

தொண்ணூறுகளின் நடுவில் நான் மர்பி டவுனில் சலீம் பாயின் டூவீலர் பட்டறையில் எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காக்ஸ் டவுன் சேவியர் எங்கள் வாடிக்கையாளர். ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவருடைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் நான் ஆயிலும் பிளக்கும் மாற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. அவ்வளவு நல்ல எஞ்சின்.

ஒருநாள் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "ரிப்பேர் ஒண்ணும் இல்ல குமாரு. ஓடுது. ஆனா பறக்கணும். மண் டிராக் ரேஸுக்குப் பேர் குடுத்திருக்கேன்."

சலீம் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரேஸுக்கு வேற வண்டி வெச்சுக்கோங்க சேவியர் சாப். இதுலதானே டெய்லி வேலைக்குப் போறீங்க?"

"ரெண்டு வண்டி வெச்சுக்க நான் என்ன ஜமீன்தாரா பாய்?"

வேலையைச் செய்தேன். சிலிண்டர் பிளாக்கில் பெட்ரோல் கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் துவாரங்கள் இருக்கும்; போர்ட் என்போம். அவற்றை ராவிப் பெரிதாக்கினேன். கம்ப்ரஷன் ஏற, சிலிண்டரின் மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைத்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் பாயப் பெரிய ஜெட், பின்னால் ரேஸ் சைலன்சர். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும்படி மாற்றினேன்.

வண்டியைக் கொடுக்கும்போது விவரமாகச் சொன்னேன். "டிராக்ல எவ்ளோ வேணா முறுக்குங்க. அங்க ஆக்சிலேட்டர் ஏறும் எறங்கும், கொஞ்ச நேரத்துல ரேஸே முடிஞ்சிரும், எஞ்சின் ஆறிடும். ஹைவேல ஒரே பிடியா பிடிச்சு ஓட்டாதீங்க. சூடு ஏறி பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிப் பிடிச்சிடுச்சுன்னா பின்சக்கரம் அப்படியே லாக் ஆயிடும்."

"சரி, எத்தன நாள் வரும்?"

"கம்பெனி செட்டிங்ல விட்டா நாலஞ்சு வருஷம் சிலிண்டரக் கடையுற போர் வேலைக்கே வராது. இப்ப ஒரு வருஷம் வந்தா பெருசு."

"ஒரு வருஷம் போதும்பா" என்று சிரித்தார்.

2. காது

அவர் மனைவி ரோஸ்லினை நான் முதன்முதலில் பார்த்தது ரேஸ் நடந்த அன்றுதான். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவர். வெள்ளைச் சேலையெல்லாம் செம்மண் தூசி படிய, கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றிருந்தார். வண்டிகள் ஸ்டார்ட் ஆனதும் மற்றப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவர் பொத்தவில்லை.

"அண்ணா, மூணாவதா நிக்கிறதுதானே நம்ம வண்டி?" என்றார்.

புகையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எப்படி சிஸ்டர் சொல்றீங்க?"

"நம்மளது கொஞ்சம் மேல பாடும்."

சேவியர் இரண்டாவதாக வந்தார். சேறு படிந்த முகத்தோடு அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா என்று நினைத்தேன். ரோஸ்லின் முந்தானையால் அவர் கண்களை மட்டும் துடைத்துவிட்டார். அப்புறம் ரேஸ் சைலன்சரோடே இருவரும் காக்ஸ் டவுனுக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில்தான் அவரைப் பள்ளிக்கூடத்தில் விட்டாராம். தலைமையாசிரியை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

டவுன் ஓட்டத்தில் அந்த எஞ்சின் படாத பாடு பட்டது. சிக்னலில் நின்றால் பிளக் கறுத்துவிடும். மழைக்காலம் முடிவதற்குள் ஒருமுறை பிஸ்டன் ரிங் உடைந்தது. சிலிண்டரை போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். அதே மாடலில் எதையும் மாற்றாத ஸ்டாக் வண்டிகள் அக்கம்பக்கத்தில் எத்தனையோ ஓடின. அவை வந்தால் சர்வீஸுக்குத்தான் வரும்.

"போதும் சேவியர், பழையபடி மாத்திடலாம்" என்றேன்.

"அடுத்த ரேஸ் முடியட்டும்" என்றார்.

3. கோலார் சாலை

ரோஸ்லினின் அம்மா வீடு கோலார் தங்கவயலில். திருவிழாவுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில், காலியான ரோடு. அவர் ஒரே பிடியாகப் பிடித்திருக்கிறார். ஓர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினார். இந்த மாதிரி எஞ்சினில் பெட்ரோல் நின்றால் அதோடு போகிற ஆயிலும் நின்றுவிடும். ஏற்கெனவே கொதித்துப்போன பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்தார். அதற்குள் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சேவியருக்கு முழங்காலில் சிராய்ப்பு. ரோஸ்லின் இடது கையை ஊன்றி விழுந்திருந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முழங்கை வரை மாவுக்கட்டு. சேவியர் மாத்திரை வாங்கப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் ரோஸ்லின் சொன்னார்.

"சத்தம் மாறிச்சு அண்ணா. எறக்கத்துக்கு முன்னாடியே. கீழ எறங்கிச்சு. அவர் தோள்ல தட்டினேன். வேகத்துக்குப் பயந்துட்டேன்னு நெனச்சுட்டார் போல. திரும்பி சிரிச்சார்."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இத அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சேவியர் இருந்தவரை நான் சொல்லவில்லை.

எலும்பு சேர்ந்தது. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் பழையபடி விரியவில்லை. டாக்டர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார், வெந்நீரில் வைக்கச் சொன்னார். எல்லாம் செய்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆர்கனில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் பாடகர்களோடு நின்று பாடினார்.

4. இரண்டாவது பிளாக்

வண்டியை ஓசூர் ரோட்டில் காயலான் கடையில் போடப்போவதாக சேவியர் சொன்னார். ரோஸ்லின்தான் விடவில்லை. அவரே சேவியரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே பண்ணிக் குடுங்க அண்ணா. எனக்கு ஸ்கூல் தூரம். இவர் வேலைக்குப் போகணும்."

சேவியர் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். புது பிளாக், புது ஹெட், பழைய அளவு ஜெட், ஆயில் பம்ப், சாதா சைலன்சர். எல்லாம் போட்டு ஸ்டார்ட் செய்தபோது பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் சாதுவாக ஓடியது. ராவின பிளாக்கை என்ன செய்வது என்று சேவியரிடம் கேட்டேன். "எங்கயாவது போட்டுடு. என் கண்ணுல காட்டாத" என்றார்.

அதன்பின் அவர் ரேஸ் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிறு காலைகளில் நான் கோயில் பக்கம் போனால் அவரைப் பார்ப்பேன். ரோஸ்லினை இறக்கிவிட்டு, உள்ளே போகாமல் வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆர்கன் ஆரம்பித்ததும் எழுந்து தெருமுனை டீக்கடைக்குப் போவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "உள்ள போகலாமே?"

"யாரோ வாசிக்கிறாங்கப்பா. கேக்க முடியல."

அந்த இரண்டாவது எஞ்சின் பல வருஷம் ஓடியது. புது நூற்றாண்டு பிறந்து, காக்ஸ் டவுன் பழைய வீடுகள் அபார்ட்மென்ட் ஆகத் தொடங்கிய பிறகுதான் முதல் போருக்கு வந்தது. பிளாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன். கீறல் இல்லை, நாலாபக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தது.

சேவியர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "இவ்ளோ நாள் வருமா குமாரு ஒரு எஞ்சின்?" என்றார். முன்பே நான் அவரிடம் சொன்னதுதான்; பிளாக்கை வாங்கி போருக்கு எடுத்து வைத்தேன். கொஞ்ச காலத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது.

5. நான் கற்றது

இப்போது எனக்குச் சொந்தப் பட்டறை. வண்டியை மாடிஃபை பண்ணச் சொல்லி வருகிறவர்களை நான் விரட்டுவதில்லை. ராவின எஞ்சின் கெட்ட எஞ்சின் இல்லை; அதன் ஆயுசை அது சீக்கிரம் செலவழிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வேலையைத் தொடுவதற்குமுன் பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்பேன். அவர்களையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்வேன். எஞ்சின் எத்தனை நாள் வரும், எப்போது பிடிக்கும், பிடித்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு பேரையும் நிற்கவைத்துத்தான் சொல்கிறேன். தொழிலுக்கு வருகிற தம்பிகளும் இதைச் செய்ய வேண்டும். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. பரவாயில்லை.

சேவியர் வருஷ பூசைக்குப் போனபோது ரோஸ்லினிடம் இதைச் சொன்னேன். நரைத்துவிட்டிருந்தார். இடது கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் ஏறித்தான் உக்காந்திருப்பேன் அண்ணா" என்றார். "ஆனா தோள்ல தட்டிட்டு விட்டிருக்க மாட்டேன். நிறுத்துங்கன்னு கத்தியிருப்பேன்."