இரண்டாய் உடைந்த கருப்பு வளையம்

மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டில், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போடுவது என் மாமாதான். அம்மாவின் தம்பி. பகலில் ஸ்டோரில் ரப்பர்ஷீட் உருட்டுவார். மற்ற நேரமெல்லாம் பழைய ரேடியோக்களைப் பிரித்துக் கொட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கும் பயப்படாத மனுசன் என்று எங்கள் வீட்டு வரிசை, லயம் முழுக்கப் பேர். கரண்டு ஓடும் கம்பியை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

நான் அதற்கு நேர்மாறு. அடுப்பு அணைந்ததா என்று மூன்று தரம் பார்ப்பேன். மழை இருட்டினால் கூரை பறந்துவிடும் என்று அழுவேன். “யாரக் கொண்டு பொறந்துச்சோ இது!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முந்தின வருசத் திருவிழாவில் மாமாவின் மானம் போயிருந்தது. உச்சிப் பூசை நடக்கும்போது ஒலிபெருக்கியில் திடீரென்று, “ஹலோ, ஹலோ, லோரி பெலும் சம்பாய்!” என்று ஓர் அதட்டல். லாரி இன்னும் வந்து சேரவில்லையாம். எஸ்டேட் ஆபீஸ் வயர்லெஸ்ஸில் மானேஜர் பேசியதை மைக் கம்பி இழுத்துக்கொண்டுவிட்டது. கற்பூரத் தட்டோடு பூசாரி அப்படியே நின்றார். “ஆத்தா மலாய் பேசுறா லா!” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்து உருண்டது. கோயில் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஈப்போவிலிருந்து வேறு செட் வரும் என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் மாமா ஈப்போவுக்குப் போய் ஒரு கருப்பு வளையம் வாங்கிவந்தார். முறுக்கு அளவுதான் இருக்கும், ஆனால் கனம். காந்தச் சாமானாம். மைக் கம்பியை அதில் ஐந்து சுற்றுச் சுற்றினால் மானேஜர் குரல் உள்ளே நுழையாதாம். சிக்கல் என்னவென்றால், கம்பியின் முனையிலிருந்த பிளக் வளையத்துக்குள் நுழையவில்லை. கம்பியை வெட்டி ஒட்டலாம் என்றால், “கோயில் சாமான்ல கத்தி வைக்காதே” என்றார் தலைவர்.

மூன்று நாள் மாமா அந்த வளையத்தோடு மல்லுக்கட்டினார். சட்டைப் பையில் முக்கோண அரம், கையில் சின்னச் சுத்தியல். வீட்டுப் பின்னால் போவார், கொஞ்ச நேரம் கழித்து வளையத்தை அப்படியே கொண்டுவந்து அலமாரித் தட்டில் வைப்பார். சுத்தியல் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கோ எலிக் கவலை. ராத்திரியில் எலி ஓடி வளையத்தைத் தட்டிவிட்டால்? திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டில் ஆளில்லாத நேரம், பத்திரமான இடத்தில் வைக்கலாம் என்று அதை எடுத்தேன். வளையத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி சாம்பல் கோடு தெரிந்தது. நூலாம்படை என்று பாவாடையால் துடைத்தேன், போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தபோது கை வழுக்கியது. சிமெண்டுத் தரையில் ‘டிக்’கென்று ஒரு சத்தம். பார்த்தால் இரண்டு பாதி, கத்தியால் தேங்காய்ப் பத்தையை நறுக்கியது போல.

எனக்கு உசிரே போய்விட்டது. எங்கள் லயத்தில் செருப்பு அறுந்தாலும் காற்றாடி கிழிந்தாலும் ஒட்டுவதற்கு ஒரே மருந்து ரப்பர் பால். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலைத் தாராளமாகத் தடவி, இரண்டையும் சேர்த்து அமுக்கி, நூல் கட்டி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

சாயந்தரம் மாமா எடுத்தார். நூலை அவிழ்த்ததும் வளையம் சவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு வாயைத் திறந்தது.

“எலி...” என்றேன்.

“எலி ஒடைச்சிருக்கும், சரி. பால் எடுத்து ஒட்டுனதும் அதேதானா?”

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். மாமா அடிக்கவில்லை. உடைந்த முகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “ஒடைக்கத்தான் புள்ள வெச்சிருந்தேன். நீ அழாதே” என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிற பொய் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

காய்ந்த பாலை நகத்தால் நெம்பினார். பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. டவுன் பசையாக இருந்திருந்தால் தொலைந்தோம் என்றார். இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டுமாம், நடுவில் பசை தடித்தால் வளையத்துக்குச் சக்தி குறைந்துவிடுமாம். ஒரு பாதியில் கம்பியை ஐந்து சுற்றுச் சுற்றி, மறு பாதியைப் பொருத்தினார். உடைந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. சைக்கிள் டியூபைக் கீறி இறுகக் கட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் உச்சிப் பூசை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மானேஜர் குரல் நுழைந்துவிட்டால் என்னால்தானே பூசை கெடும்? கூட்டத்தை விட்டு ஓடி, ஆபீஸ் சன்னலுக்குக் கீழே போய் நின்றேன். உள்ளே மானேஜர் வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்த வருசமும் லாரி வரவில்லை. கோயில் பக்கம் காது கொடுத்தேன். ஒலிபெருக்கியில் பூசாரி, மணிச்சத்தம், வேறு ஒரு குரலும் இல்லை!

மூச்சிரைக்க ஓடிவந்து, “மானேஜர் பேசுறாரு! பேசிக்கிட்டே இருக்காரு! ஒண்ணும் கேக்கல!” என்று கத்தினேன். மைக் பக்கத்தில் நின்று கத்தியதால் அது எஸ்டேட் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை தலைவரும் சிரித்தார். மாமாவின் தோளில் அவர் போட்ட துண்டை மாமா எடுத்து என் தோளில் போட்டார். அது தரையைக் கூட்டக் கூட்ட, லயம் முழுக்க மூன்று சுற்று நடந்தேன்.

சில வருசம் கழித்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஈப்போவில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலைக்குப் போனபோது, அங்கே இருந்த அக்கா இதே மாதிரி வளையம் ஒன்றை எடுத்தார். அரத்தால் சுற்றிலும் மயிரிழைக் கோடு கீறினார். ஒரு தட்டு. சரி பாதியாகப் பிளந்தது. “கீறிட்டா முக்கா வேல முடிஞ்சிச்சி. தட்டத்தான் தைரியம் வேணும்” என்றார்.

நான் பாவாடையால் துடைத்த நூலாம்படை ஞாபகம் வந்தது. மாமா கையிலிருந்து மூன்று நாள் கேட்காத சுத்தியல் சத்தமும்.

யாரைக் கொண்டு பிறந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.