வெட்ட இடமில்லாத பாட்டு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முதலில் சொன்னவன் யாரோ, அவன் அடுத்தவனுக்கு ஆத்திரம் வரும்படி எதையாவது செய்துவிட்டு வந்தவனாகத்தான் இருப்பான். பஞ்சவர்ணத்துக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா வேலுசாமி அதை நாளுக்கு இரண்டு தடவையாவது சொல்வார். ராமநாதபுரம் பக்கமிருந்து ராணுவ டாங்க் ஃபாக்டரி வேலைக்கு வந்து, ஆவடி குவார்ட்டர்ஸில் குடியேறியவர். மகள் டைப்பிங் முடித்து ஒரு ஆபீசில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தார். மகளோ பத்தொன்பது வயதில், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரகுநாதன் நடத்திய வீடியோ ஸ்டுடியோவில் போய்ச் சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபங்களில் திரிவதா என்று அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

நாலு வருஷத்தில் அவள் எடுத்த கல்யாணங்களுக்குக் கணக்கே கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே எங்கே முழங்காலிட வேண்டும், சாப்பாட்டுப் பந்தியில் யார் முகத்தை விட்டால் சண்டை வரும், எல்லாம் அத்துப்படி. ரகுநாதனிடம் ஒரு மிக்சர் மெஷின் இருந்தது. பட்டனை அமுக்கினால் மணமக்கள் இதயத்துக்குள் போவார்கள், ரோஜாப்பூ விரியும், இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு உரசும். அந்தக் கிளிகளைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். ஆனாலும் ஆளுக்கொரு கிளிஜோடி போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மனசெல்லாம் வேறிடத்தில் இருந்தது. சின்னதாக, தன்னுடையதாக, நாலு நிமிஷமானாலும் சரி, ஒரு படம் எடுக்க வேண்டும்.

அந்தப் படம் அவளுக்கு ரயிலில் கிடைத்தது. காலையில் ஆவடியில் அவள் ஏறும் லேடீஸ் பெட்டியில் வேப்பம்பட்டிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பாள் தாயம்மா. பட்டரவாக்கத்தில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் கம்பெனிக்குப் போகிறவள். தகடு வெட்டும் மெஷினில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மெஷினுக்கு மூடி வைக்க முதலாளிக்கு நேரமில்லை. கை ஆறியதும் அதே முதலாளி அவளைப் பேக்கிங்கில் போட்டு, பெரிய மனசு என்று பேரும் வாங்கிக்கொண்டான். தாயம்மா அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள். பாட்டை மட்டும் ஒளிக்கத் தெரியாது. டிபன் பாக்ஸ் மூடியில் இடக்கையால் தாளம் போட்டு, சொந்தமாகக் கட்டியதைப் பாடுவாள்:

“ரயிலு ஏறிப் போவச் சொல்லோ பத்து வெரலு,
ரயிலு ஏறித் திரும்பச் சொல்லோ எட்டு வெரலு,
மிச்சம் ரெண்டு எங்கேன்னு மெஷினக் கேளு,
மெஷினுக்கு வாயில்ல, மொதலாளியக் கேளு.”

பெட்டி முழுக்கச் சிரிக்கும். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை, ரத்தம் கொதித்தது. அன்றே கேட்டுவிட்டாள். பாட்டை எடுக்கத் தாயம்மா உடனே ஒப்புக்கொண்டாள். கையைக் காட்டச் சம்மதிக்க மூன்று வாரம் ஆயிற்று.

ரயில், பிளாட்பாரம், எஸ்டேட் கேட், பாட்டின் இரண்டாவது வரியில் திரை நிறைய அந்தக் கை. பஞ்சவர்ணம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, ஸ்டுடியோவிலேயே இரண்டு வீடியோ டெக்கை வைத்து வெட்டி ஒட்டி மாஸ்டர் கேசட் தயாரித்தாள். ரகுநாதன் ஸ்டுடியோவோடு கேபிள் டிவியும் நடத்தினான். “நல்லாத்தான் கீது. பொங்கலன்னிக்கு நம்ம கேபிள்ல போட்டுடலாம்,” என்று அவனே வாயால் சொன்னான்.

தொண்ணூற்றைந்து பொங்கல். தாயம்மாவோடு கம்பெனியில் வேலை செய்யும் அங்கம்மாவின் மேனாம்பேடு வீட்டில் கேபிள் இருந்தது. வேப்பம்பட்டிலிருந்து தாயம்மா புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். டிவி முன்னால் பதினைந்து பொம்பளைகள், ஜன்னலில் தெருவே நின்றது. பாட்டு ஆரம்பித்தது. ரயில் வந்தது. “ரயிலு ஏறித் திரும்பச் சொல்லோ எட்டு வெரலு” என்று தாயம்மாவின் குரல் எழும்பியது. கை வரவில்லை. ரோஜாப்பூ விரிந்தது. பூவுக்குள்ளிருந்து இரண்டு கிளிகள் வந்து மூக்கை உரசிக்கொண்டன.

ஜன்னலில் ஒருத்தன் குபீரென்று சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எட்டு விரலுக்குக் கிளி கொஞ்சினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? தாயம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.

பஞ்சவர்ணம் ஓ.டி. வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“எவன் அண்ணாத்தே என் பாட்டுல கைய வெச்சது?”

ரகுநாதன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். “நான்தான். இப்ப இன்னாங்குற? பிரஸ் கம்பெனிக்காரர் நம்ம கேபிள்ல விளம்பரம் குடுக்கறாரு. அடுத்த மாசம் அவரு பொண்ணு கல்யாண ஆர்டரு வேற. பண்டிகை நாளும் அதுவுமா ஜனங்க சாப்ட்டுகினு இருப்பாங்க, நீ மொண்டிக் கையக் காட்டுவியா?”

“மாஸ்டர் கேசட்ட குடு.”

“மாஸ்டர் மேலயேதான் போட்டேன். புது கேசட்டுக்கு இன்னா மரமா வெச்சிகீறேன்?”

அந்தக் கரும்பைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை அவள் நினைத்ததுண்டு. அப்போது மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது: மாஸ்டர் போனால் என்ன, முதலில் எடுத்த, வெட்டாத ரா கேசட் இருக்கிறதே! பழைய கேசட்டுகள் கிடக்கும் நீலக் கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். தன் கையெழுத்தில் ‘தாயம்மா’ என்று எழுதிய கேசட் கிடைத்தது. பெயரின் மேல் ஒரு கோடு அடித்திருந்தது. டெக்கில் போட்டாள்.

திரை நிறைய இரண்டு கைகள். கொழுகொழுவென்று, பத்து விரலும் சேர்ந்து, முழங்கை வரை கண்ணாடி வளையல்.

திருமுல்லைவாயல் வளைகாப்பு. கார்த்திகையில் எடுத்தது. எடுத்தது அவளேதான். எடிட்டிங் முடிந்த கேசட்டெல்லாம் நீலக் கூடைக்குப் போகும், அவசரத்துக்குக் கூடையில் கைவிட்டால் வருவதில் அடுத்த விசேஷம் பதிவாகும். அதுதான் ஸ்டுடியோ வழக்கம். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு உண்டு, அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. ரகுநாதன் ஸ்டுடியோவில் அதை உடைப்பது பாவம். நாலு வருஷப் பழக்கம், அவளும் உடைக்கவில்லை. பெயரில் கோடு அடித்ததும் அவள் பேனாதான். மிக்சரைக் கண்டபடி திட்டினாள். கூடையை எட்டி உதைத்தாள். உதைத்ததில் கால் வலித்ததுதான் மிச்சம்.

பொங்கல் லீவு முடிந்த மறுநாள் ரயில் பெட்டியில் தாயம்மா இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பஞ்சவர்ணம் எதிர்த்திசை ரயிலேறி வேப்பம்பட்டுக்கே போனாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், எல்லாவற்றையும் கொட்டினாள். கிளி போட்டது ரகுநாதன், மிச்சமிருந்ததை அழித்தது நான்.

தாயம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“மூணு வாரம் கெஞ்சினியே, அந்தக் கைய நீயே அழிச்சிட்டியா? ஊரே சிரிச்சுதுடி! வெரலு போனன்னிக்குக்கூட எவனும் என்னப் பாத்துச் சிரிக்கலடி!”

பஞ்சவர்ணம் தலை குனிந்து நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே யாரும் திட்டும்போது எதிர்த்துப் பேசாமல் நின்றது அன்று ஒருநாள்தான். தாயம்மா திட்டித் தீர்த்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“படம்தானே அழிஞ்சுது? கை இன்னும் இங்கதான கீது. மறுபடி எடு. ஆனா ஒண்ணு. அவன் பூவு வெக்க எடமே இருக்கக் கூடாது. சொல்ட்டேன்.”

பஞ்சவர்ணம் ஆவடி வரும் வரைக்கும் அதையே யோசித்தாள். வெட்டி ஒட்டியதால்தானே நடுவில் ஒருத்தன் நுழைந்தான்? ரயில் வேண்டாம், கேட் வேண்டாம், வெட்டே வேண்டாம். பாட்டு முழுக்க ஒரே ஷாட். ஒரே கை. அதை எடுத்தால் பாட்டே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்று சொல்லி கேமராவைத் தூக்கி வந்தாள். வேப்பம்பட்டு பிளாட்பார பெஞ்சில் தாயம்மா உட்கார்ந்தாள். மடியில் டிபன் பாக்ஸ் மூடி. இந்தத் தடவை வலக்கையால் தாளம். மிச்சமிருந்த மூன்று விரலும் தகரத்தில் டகடகவென்று விழ, காலை வெயில் சரியாக அதன் மேல் அடித்தது. முதல் தடவை கூட்ஸ் வண்டி கெடுத்தது. இரண்டாம் தடவை வேடிக்கை பார்த்த ஒருவர் இருமிக் கெடுத்தார். மூன்றாவது தடவை நாலு நிமிஷமும் பஞ்சவர்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்து கை தகரத்தின் மேல் அசையாமல் கிடந்தது. கேமராவை நிறுத்திய கையோடு கேசட்டை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் முதுகுத் தகட்டை நெம்பி உடைத்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கேபிளில் சினிமா. ஸ்டுடியோ மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே டெக்குகள் இருந்த அறையில் கேசட் மாற்றுவது அவள் வேலை. பாதிப் படத்தில் இடைவேளை வந்தது. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். உள்தாழ்ப்பாளைப் போட்டாள். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். தன் கேசட்டை உள்ளே தள்ளினாள்.

முதல் வரி முடிவதற்குள் படிக்கட்டில் ரகுநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு அதிர்ந்தது.

“பஞ்சு! நிறுத்துடி! யாரக் கேட்டுப் போட்ட?”

“நீ யாரக் கேட்டுக் கிளி போட்ட?”

“கல்யாண ஆர்டர் பூடும்டி! நீ இன்னியோட வேலைக்கு வராத!”

“வர்ல. கீழ போய் டிவியப் பாரு அண்ணாத்தே. எங்கயாவது வெட்ட எடம் கீதா சொல்லு, நானே நிறுத்தறேன்.”

அவன் உதைத்தான். அவள் நாற்காலியோடு முதுகைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். மெஷினக் கேளு, மொதலாளியக் கேளு. கதவு உதைபட்டதும் தாளமும் சில இடங்களில் ஒன்றாகவே விழுந்தன. அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகைதான், துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் கை தகரத்தின் மேல் அடங்கியது. அவள் கேசட்டை உருவித் தோள்பையில் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள். ரகுநாதன் வியர்த்து நின்றான். அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. கீழே கடையில் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி அடித்தது.

“போய் எடு அண்ணாத்தே. உன் பிரஸ் கம்பெனிக்காரராத்தான் இருக்கும். அது யார் கைன்னு கேப்பாரு,” என்றாள் பஞ்சவர்ணம், செருப்பை மாட்டிக்கொண்டே. “படத்துல நான் பேரு போடல. நீ சொல்லிடு. தாயம்மா.”