பஸ் நிலையத்தில் அக்காவைத் தெரியவில்லை

கூடப் பிறந்த அக்காவையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அக்காவின் புருஷன் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிளினிக் இருந்தது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து வருகிறவளைக் கூட்டிப் போக நான் பஸ் நிலையத்தில் காத்து நின்றேன். பஸ் வந்தது. இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். வெளிறிய சேலையில் யாரோ ஒரு கிழவி இறங்கினாள். அவளையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். பஸ் காலியானதும் எரிச்சலோடு அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி என் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

"என்னா தம்பி, இங்கனதானே நிக்கிறேன். என்னையப் பாத்துட்டுத்தானே திரும்புன?"

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அதே கண், அதே நீண்ட மூக்கு, மோவாயில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் இத்தனை வருடமும் நான் அக்கா என்று பார்த்தது அவற்றை மட்டுமா? பெரிய குங்குமப் பொட்டு, சிவப்புக்கல் மூக்குத்தி, காதோரம் தெரியும் பூ, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சேலை, எல்லாம் சேர்ந்துதான் அந்த முகம். கருமாதியன்று மாமியாரும் நாத்தனாரும் அவளை உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். செத்தது அவர். முகத்தைப் பறிகொடுத்தது இவள். இது எந்த ஊர் நியாயம்?

"எந்தப் பாவி எழுதி வச்ச சட்டம் இது?" என்று அங்கேயே கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசு தம்பி."

"எதுக்கு மெதுவா? வா, கடையில ஒரு பொட்டுப் பாக்கெட் வாங்குவோம். எவ வந்து கேக்குறான்னு பாக்குறேன்."

அக்கா நகரவில்லை. "அன்னைக்கு வந்து இதச் சொல்லியிருக்கலாம்ல? நீ வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அழுகையைப் பார்க்கப் பயந்து வீட்டிலேயே இருந்துகொண்டேன். தாலி கழற்றியவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்த வேண்டிய கோடிச் சேலையை மட்டும் ஆளிடம் கொடுத்தனுப்பினேன். கடைக்காரர் எதையோ எடுத்துக் கட்டித் தந்தார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தச் சேலை..." என்றேன்.

"ஆமா, நீ அனுப்புனதுதான்," என்றாள் அக்கா.